திலாப்பியாவுக்கு மீன்தூள் சேராத தீவனம்

கேள்வி: நாவிதன்வெளியில் கால் ஏக்கர் குளத்தில் 2,000 திலாப்பியாக் குஞ்சுகளை விட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. கடைத் தீவனம் கட்டுப்படியாகாததால் தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் மட்டுமே தூவி வருகிறேன். மீன்கள் 50 கிராமைத் தாண்டவில்லை. கருவாட்டுத்தூள் சேர்க்காமல், தாவரப் பொருட்களைக் கொண்டே நல்ல தீவனம் தயாரிக்க முடியுமா?

பதில்: முடியும். திலாப்பியா பாசியையும் தழையையும் தின்று செரிக்கக்கூடிய நீண்ட குடல் உள்ள மீன். ஆனால் வளரும் பருவத்தில் அதன் தீவனத்தில் 28 வீதமளவு புரதம் இருக்க வேண்டும். தவிட்டில் ஏறத்தாழ 12 வீதமும் தேங்காய்ப் புண்ணாக்கில் 20 வீதமுமே இருப்பதால், இவ்விரண்டையும் எந்த அளவில் கலந்தாலும் அந்த இலக்கை எட்ட முடியாது. தூளாகத் தூவுவதில் பெரும்பகுதி மீனின் வாய்க்குப் போகாமல் அடியில் படிந்து அழுகி, விடியற்காலையில் நீரின் ஒட்சிசனையும் குறைத்துவிடுகிறது.

புரதத்தின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியம். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், சோயாவில் லைசின் நிறைய உண்டு, மெதியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் இது தலைகீழாக இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. 10 கிலோ தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கு மூன்றரைக் கிலோ, எள்ளுப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, தவிடு இரண்டரைக் கிலோ, மரவள்ளி மா ஒரு கிலோ என்று எடுத்துக்கொண்டால் புரதம் 28 வீதத்தை ஒட்டி வரும். தாவரப் பொருட்களிலுள்ள பொஸ்பரஸின் பெரும்பகுதியை மீனால் உறிஞ்ச முடியாது என்பதால், 100 கிராம் டைகல்சியம் பொஸ்பேட்டையும், கால்நடைத் தீவனக் கடையில் கிடைக்கும் விற்றமின் கனியுப்புக் கலவையையும் அவசியம் சேருங்கள்.

புண்ணாக்கு கிடைக்காமல் முழுச் சோயா அவரையை வாங்கினால் பச்சையாக அரைத்துவிடாதீர்கள். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருப்பதால், இரவு முழுவதும் ஊறவைத்து, அரை மணி நேரம் நன்றாக அவித்த பிறகே உலர்த்தி அரைக்க வேண்டும். கச்சான் புண்ணாக்கில் சிறிது பூஞ்சணம் தெரிந்தாலும் முழு மூட்டையையும் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். அறுவடைக் காலத்தில் ஆலைத் தவிடு மலிவென்று மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதும் நட்டமே, ஏனெனில் பச்சைத் தவிட்டின் எண்ணெய் விரைவில் காறிப்போகும். புழுங்கல் நெல்லின் தவிடு கூடுதல் நாள் தாங்கும்.

மரவள்ளி மாவைக் கொதிநீரில் கூழாகக் காய்ச்சி, சலித்த மற்றத் தூள்களை அதில் கொட்டிப் பிசையுங்கள். பிடித்தால் உருண்டையாக நின்று, கையில் ஒட்டாமல் இருப்பதே சரியான பதம். முதலில் செய்து பார்ப்பதற்கு வீட்டு இடியப்ப உரலே போதும். நாள்தோறும் செய்வதென்றால் கையால் சுற்றும் இறைச்சி அரைக்கும் இயந்திரம் வாங்குவது நல்லது. பிழிந்ததைப் பாயில் பரப்பி நிழலும் காற்றும் படக் காயவைத்தால், ஒடிக்கும்போது சட்டென்று முறியும். அதில் ஒரு துண்டைத் தண்ணீர்க் கோப்பையில் இட்டுப் பாருங்கள். பத்து நிமிடமாவது கரையாமல் கிடக்க வேண்டும்.

உங்கள் மீன்களின் மொத்த எடை ஏறத்தாழ 100 கிலோ. அதில் 4 வீதமாக, நாளுக்கு 4 கிலோவை, வெயில் ஏறிய பின் காலையிலும், பிற்பகலிலும் பிரித்துப் போடுங்கள். கம்பி வளையத்தில் நுளம்பு வலையைக் கட்டிக் குளத்தில் இறக்கி, அதில் இட்ட தீவனம் அரை மணி நேரத்தின் பின்னும் மிஞ்சியிருந்தால் அளவைக் குறையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீச்சு வலையில் சிலவற்றைப் பிடித்து நிறுத்து, அதற்கேற்பக் கணக்கை மாற்றுங்கள். அப்போது சிறு குஞ்சுகள் அகப்பட்டால் குளத்திலேயே இனப்பெருக்கம் நடக்கிறது என்று பொருள். மீன் வளராததற்கு அதுவும் காரணமாயிருக்கும், அடுத்த முறை ஆண் குஞ்சுகளை மட்டுமே வாங்கி விடுங்கள்.

இந்தத் தீவனத்தை மட்டக்களப்பு வாவியில் கூடுகளில் கொடுவா மீன் வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுவா ஊனுண்ணி, இதில் அது மெலிந்துபோகும்.