வாசகர் கேள்வி – பதில்: சுறாவின் இடத்தில் பூனை

பழைய திரைப்படச் சுவரொட்டிகளைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு பதில் எழுதப்போக, அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரசிகர் ஓவியங்களையும், இரண்டு படங்களை ஒன்றாக்கிக் கேலி செய்யும் சுவரொட்டிகளையும் பற்றியே பேசின. பின்னதை இளைஞர்கள் ‘மேஷ்அப்’ என்கிறார்கள். நான் ‘கலவைச் சுவரொட்டி’ என்று எழுதுகிறேன். வந்தவற்றுள் ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விடுதி அறையில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறேன். ‘ஜாஸ்’ படத்தின் சுறா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை. மேலே நீந்தும் பெண்ணுக்குப் பதிலாக ஒற்றை நெத்திலி மீன். பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. என் அறைத்தோழியோ, “இது வெறும் காப்பி, இதில் என்ன கலை இருக்கிறது?” என்கிறாள். – கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உங்கள் தோழியிடம் முதலில் மூலப் படத்தைக் காட்டுங்கள். 1975-ல் வெளிவந்த அந்தப் படத்தின் சுவரொட்டி, அதற்கென்றே வரையப்பட்டது அன்று. பீட்டர் பெஞ்ச்லியின் நாவலை மலிவுப் பதிப்பாக வெளியிட்டபோது அதன் அட்டைக்காக ரோஜர் காஸ்டல் என்ற ஓவியர் தீட்டியது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்த சுறா மாதிரிகளைப் பார்த்துவிட்டு வந்துதான் அவர் தூரிகையை எடுத்தார். ஆனால் அருங்காட்சியகத்துச் சுறாவை அவர் அப்படியே வரைந்துவிடவில்லை. நீந்தும் பெண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அந்த அளவில் ஒரு சுறா எந்தக் கடலிலும் இல்லை. மேலே எதுவும் அறியாமல் நீந்துகிற சிறிய உருவம், கீழே வாயைப் பிளந்துகொண்டு செங்குத்தாக எழும்பும் பெரிய உருவம், நடுவில் வெறும் தண்ணீர். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதே அந்தப் படத்தின் முழு விசையும்.

உங்கள் பூனை ஓவியத்தை வரைந்தவர் அந்த விசையைத் தொடவே இல்லை. அதைக் கெடுக்காமல் காப்பாற்றியபடி, உள்ளே இருந்த ஆட்களை மட்டும் மாற்றியிருக்கிறார். மாற்றியதிலும் ஒரு குறும்பு இருக்கிறது. தண்ணீர் என்றால் பூனைக்கு ஆகாது. மீன் என்றாலோ உயிர். ஆசைக்காகத் தன் வெறுப்பில் முழுகி எழுகிற பூனையை நாம் அங்கே பார்க்கிறோம். சுறாவுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. ஆகவே அது காப்பி அல்ல. மூலத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது.

தோழி அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இதையும் சொல்லிப் பாருங்கள். அதே காஸ்டல் 1980-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்துக்கு வரைந்த புகழ்பெற்ற சுவரொட்டியில், நாயகன் நாயகியைத் தாங்கி அணைத்திருக்கும் கோலம், ‘கான் வித் த விண்ட்’ படம் 1967-ல் மறுபடி திரையிடப்பட்டபோது வெளிவந்த சுவரொட்டியைப் பின்பற்றியது. நெருப்புப் பற்றி எரியும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் காதலை அப்படியே விண்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்.

இப்படி இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் கலந்து வேடிக்கை பார்ப்பது மேல்நாட்டுப் பழக்கந்தானே? நம் மரபில் இதற்கு இடம் உண்டா? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, கும்பகோணத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்! நகரப் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் தாராசுரம். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில், ஒரு தலையைப் பகிர்ந்துகொள்ளும் யானையும் காளையும் செதுக்கப்பட்டிருப்பதைத் தாங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைத்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் காளை. கையை எடுத்துவிட்டால் கண் இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கிறது. கலவைச் சுவரொட்டியை ரசிக்கும்போது நமக்கு நேர்வதும் அந்தத் தத்தளிப்புதான்.

கல்லில் மட்டுமா? தாங்கள் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தியிருக்கக்கூடிய காளமேகப் புலவரின் சிலேடைகள் வேறென்ன? பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடைத்தவர் அவர். பாம்பு ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகிறது. எள்ளும் செக்கில் ஆடி, எண்ணெயாகிக் குடத்துக்குள் போகிறது. பிளவுபட்ட நாக்கு பாம்புக்கு, பிண்ணாக்கு எள்ளுக்கு. இரண்டு பொருள்களும் ஒரே சொல்லில் வந்து உட்காருகிற அந்தக் கணத்தில் மாணவர்கள் சிரிப்பார்கள் அல்லவா? ஓவியத்தில் சொல்லின் இடத்தைக் கோடு எடுத்துக்கொள்கிறது. சுறாவின் மூக்கும் பூனையின் மூக்கும் ஒரே இடத்தில் பொருந்தினால் அது சிலேடை. பொருந்தாமல் தலையை மட்டும் வெட்டி ஒட்டினால் அது தளை தட்டிய வெண்பா.

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு தனி வகையையே வைத்திருந்தார்கள். ‘மிததே’ என்று பெயர். சீனத்து ஆற்றங்கரைகளின் எட்டுக் காட்சிகளைப் பாடுவதும் வரைவதும் கிழக்காசியாவில் நெடுங்கால மரபு: இரவு மழை, மாலைக் கோயில் மணி, கரை திரும்பும் பாய்மரங்கள், தரையிறங்கும் காட்டு வாத்துகள் என்று அவை போகும். சுசுகி ஹாருனோபு என்ற ஓவியர் 1766 வாக்கில் அந்த எட்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். இரவு மழைக்குப் பதில் தேநீர்க் கெண்டியில் வெந்நீர் கொதிக்கும் ஓசை; கோயில் மணிக்குப் பதில் கடிகாரம்; பாய்மரங்களுக்குப் பதில் தாங்கியில் தொங்கும் துண்டு; வாத்து வரிசைக்குப் பதில் கோட்டோ யாழின் நரம்புகளைத் தாங்கும் சிறு கட்டைகளின் சாய்ந்த வரிசை. மூலக் கவிதை தெரியாதவருக்கு அது வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் படம். தெரிந்தவருக்கோ, துண்டு காற்றில் அசையும்போது ஆறு வந்துவிடும்.

உலகத்திலேயே மிக அதிகமாகத் திருப்பி வரையப்பட்ட சுவரொட்டி எது? – ஈரோடு வாசகர்

எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் விரலை நீட்டி ‘நீதான் வேண்டும்’ என்று படைக்கு ஆள் அழைக்கும் சுவரொட்டியை முன்வரிசையில் வைக்கலாம். 1914-ல் பிரிட்டனில் ஆல்ஃபிரட் லீட் வரைந்த போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் முகம் முதலில் வந்தது. அதைப் பார்த்து 1917-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃப்ளாக் ‘அங்கிள் சாம்’ படத்தை வரைந்தார். 1920-ல் சோவியத் ரஷ்யாவில் திமித்ரி மோர் அதே விரலைச் செஞ்சேனைக்காக நீட்டவைத்தார். ஃப்ளாக் அங்கிள் சாமுக்குத் தம் முகத்தையே வைத்துக்கொண்டார். மாதிரிக்கு ஆள் வைக்கும் செலவு மிச்சம்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எப்போது பார்த்தாலும் ஜப்பானிய அனிமே பாத்திரங்களையே வரைகிறாள். “சொந்தமாக ஏதாவது வரையேன்” என்றால் கோபித்துக்கொள்கிறாள். இதை இப்படியே விடலாமா? – தாய், மதுரை

விடலாம், அம்மா. அவளுக்கு முன்னே இதே வழியில் போனவர்கள் ஏராளம். 1975 டிசம்பரில் டோக்கியோவில் ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட இதழ்களை விற்பதற்கென ‘காமிகெட்’ என்ற சந்தை கூடியபோது, கடை போட்டவை 32 குழுக்கள், வந்தவர்கள் சுமார் 700 பேர். இன்று கோடையிலும் குளிர்காலத்திலுமாக ஆண்டுக்கு இரு முறை கூடும் அந்தச் சந்தைக்கு மக்கள் இலட்சக்கணக்கில் வருகிறார்கள். அங்கே விற்பனையாகும் இதழ்களில் பெரும்பகுதி, பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் வரைந்தவை. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ‘கிளாம்ப்’ என்ற பெண் ஓவியர்கள் குழு, 1980களில் இப்படி ரசிகர் இதழ் நடத்திய குழுவாகத்தான் தொடங்கியது.

நாதஸ்வரம் கற்கிற பிள்ளையை முதல் நாளே கற்பனை ஸ்வரம் வாசிக்கச் சொல்வதில்லை. ஆனாலும் தங்கள் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது: ஒரே கோணத்து முகத்தை நூறு முறை வரைந்தால் கை மட்டுமே பழகும், கண் பழகாது. எனவே “சொந்தமாக வரை” என்பதற்குப் பதிலாக, “உன் நாயகனை நம் தெருத் தையற்கடை வாசல் தூணோரம் உட்காரவை பார்ப்போம்” என்று கேட்டுப் பாருங்கள். அவன் கால் எங்கே வரும், தூணின் நிழல் அவன் தோளில் எப்படி விழும், தையல் இயந்திரத்துக்கு எதிரே அவன் எவ்வளவு உயரம் இருப்பான் என்பதையெல்லாம் எந்த மூலப் படமும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காது. நேரில் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன். பாத்திரம் அவளுடையதாகவே இருக்கிறதே.

கலவைப் படங்களைச் சட்டையில் அச்சிட்டு விற்கும் எண்ணம் இருக்கிறது. சட்டச் சிக்கல் வருமா? – திருப்பூர் வாசகர்

வரக்கூடும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், திறனாய்வு போன்றவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. பகடி என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டுவதும், ஆயிரம் சட்டையில் அச்சடித்துக் காசாக்குவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

அமெரிக்காவில் பகடிக்கு நம்மைவிட அதிக இடம் உண்டு. அங்கேயே கலவைகள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. டாக்டர் சூஸின் குழந்தைப் புத்தக ஓவியங்களுக்குள் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரின் பாத்திரங்களை இறக்கிவிட்டு ஒரு புத்தகம் தயாரானது. முதலில் கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமோ மறுத்துவிட்டது. மூலத்தைக் கேலி செய்தால், அதைப் பற்றி ஏதாவது சொன்னால், அது பகடி. மூலத்தின் அழகை வேறு கதைக்கு வாகனமாக மட்டும் பயன்படுத்தினால் அது பகடி ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். தீர்ப்பு எனக்குச் சற்றுக் கடுமையாகப் படுகிறது. ஆனால் அது எழுப்பும் கேள்வி, சட்டத்துக்கு அப்பால், ரசனைக்கும் நல்ல கேள்விதான்.

நடிகர்களின் முகத்தை அச்சிடுவது இன்னொரு தலைவலி. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயர், உருவம், கேலிச்சித்திரம், வசனம் பேசும் பாணி ஆகியவற்றை அனுமதியின்றி ஒரு திரைப்படத்தில் பயன்படுத்தக் கூடாது என்று 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எனவே தொழிலாகச் செய்வதானால், உரிமை காலாவதியான ஓவியங்களிலிருந்து தொடங்குங்கள். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்தபின் 60 ஆண்டுகள் வரையில்தான் உரிமை நிற்கும். 1906-ல் மறைந்த ரவிவர்மாவின் சகுந்தலை, காலில் தைத்த முள்ளை எடுக்கும் சாக்கில் திரும்பிப் பார்க்கிற கோலத்தோடு உங்களுக்காகக் காத்திருக்கிறாள். அவள் காலில் இன்று எது தைத்திருக்கும் என்பது உங்கள் கற்பனை. அச்சடிக்குமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது. நான் ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவன்.

மூலத்தை மறைக்க மட்டும் முயலாதீர்கள். 2008 அமெரிக்கத் தேர்தலின்போது ஒபாமாவின் முகத்தைச் சிவப்பும் நீலமுமாகத் தீட்டிப் புகழ்பெற்ற ஷெப்பர்டு ஃபேரி, எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தார் என்பதைப் பற்றி வழக்கில் பொய் சொல்லி, ஆவணங்களையும் அழித்தார். அதற்காக 2012-ல் அவருக்கு 25,000 டாலர் அபராதமும் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன.

உங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? – தூத்துக்குடி வாசகி

ஒன்று இருக்கிறது. ஹோகுசாய் 1831 வாக்கில் வெளியிட்ட ‘பேரலை’ மரஅச்சுப் படத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள்: நகம்போல் வளைந்த நுரையோடு எழும்பும் அலை, அதன் அடியில் மூன்று படகுகள், தொலைவில் அலையைவிடச் சிறியதாகத் தெரியும் ஃபூஜி மலை. என் அக்காள் மகன் சென்னையில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறான். ஒரு மழைக்காலத்தில் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தபோது, அதே அலையை அதே வளைவோடு வரைந்து, வேளச்சேரிச் சாலையில் எழுப்பிவிட்டான். ஃபூஜி இருந்த இடத்தில் பரங்கிமலை. படகுகள் மூன்றும் ஷேர் ஆட்டோக்கள். மூலத்தில் படகோட்டிகள் குனிந்திருக்கும் அதே சாய்வில் பயணிகள் குனிந்து, மடியில் செருப்பை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூலத்தின் ஆழ்ந்த நீலம் மட்டும் சாக்கடை கலந்த பழுப்பாகிவிட்டது. நெருங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அலை விழப்போகிற கடைசி ஆட்டோவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘பிரசவத்துக்கு இலவசம்’ என்று எழுதியிருக்கிறான்.