புது நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில் பழைய கேம் கார்டைப் போட்டால் ஆட்டம் முதலிலிருந்து வருகிறதா?

நீங்கள் அறுபது மணிநேரம் ஆடிய 'செல்டா' ஆட்டம் அழியவில்லை, பழைய ஸ்விட்சிலேயேதான் இருக்கும். நிண்டெண்டோ ஸ்விட்சில் சேவ் (ஆட்டத்தில் எதுவரை வந்தீர்கள் என்ற பதிவு) எல்லாம் கருவியின் உள் நினைவகத்தில்தான் பதியும். கேம் கார்டிலும் பதியாது, மைக்ரோ எஸ்டியிலும் பதியாது. நிண்டெண்டோவின் பழைய கருவிகளான கேம் பாய், டிஎஸ் காலத்தில் கார்டிலேயே பதிந்ததால் பலருக்கும் வரும் குழப்பம்தான் இது.

முதலில் கார்டைப் பழைய கருவியில் போட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் பயனர் பெயரில் திறந்து பாருங்கள். சேவ் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. 'கன்டினியூ' வந்தால் கவலை விட்டது.

அப்புறம் இரண்டு கருவியிலும் ஒரே நிண்டெண்டோ அக்கவுண்ட்டை இணைத்து, அருகருகே வைத்து, சிஸ்டம் செட்டிங்ஸ் → டேட்டா மேனேஜ்மென்ட் → டிரான்ஸ்ஃபர் யுவர் சேவ் டேட்டா. பழையதில் அனுப்பு, புதியதில் பெறு. இதற்குச் சந்தா வேண்டாம். இணையத்தில் சேவை நகல் வைக்கும் கிளவுட் பேக்கப்புக்குத்தான் ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா கேட்கும்.

ஒன்று கவனம்: இது நகல் எடுப்பதில்லை, இடம் மாற்றுகிறது. முடிந்ததும் பழையதில் அந்த சேவ் இருக்காது. 'அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ்' என்ற ஆட்டமும் ஆடுகிறீர்களா? அது இந்த வழியில் வராது, அதில் உள்ள உங்கள் தீவை மாற்றத் தனிச் செயலி உண்டு. எல்லாம் வந்து சேரும்வரை பழையதை ரீசெட் செய்யவோ விற்கவோ வேண்டாம்.