பழைய நோய்ப் பதிவேடுகளை வைத்து, பிளேக் இன்னும் எங்கே தங்கியிருக்கிறது என்று வரைபடம் போட முடியுமா?

முடியும். ஆனால் பதிவேட்டில் இருக்கிற ஊர்ப்பெயரை அப்படியே புள்ளியாக வைத்தால் படம் தப்பாகத்தான் வரும்.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையையே பாருங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓட ஆரம்பித்த காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபம் கேம்ப்பில் சில நாள் தனியாக வைத்திருந்து, பிளேக், காலரா எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பக்கம் அனுப்பினார்கள். பிளேக் கிருமி உடம்பில் ஏறி நோய் தெரிய ஒரு வாரம் வரை ஆகலாம். அப்படியென்றால் சேலத்திலிருந்து வந்த ஒருவருக்கு அங்கே நெறிகட்டிக் காய்ச்சல் கண்டால், பதிவு மண்டபத்தின் பெயரில் விழும், தொற்றியதோ சேலத்தில். அதனால் சொந்த ஊர், கேம்ப்புக்கு வந்த தேதி, காய்ச்சல் கண்ட தேதி மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த கேம்ப்பில் இன்று இலங்கைத் தமிழ் அகதிக் குடும்பங்கள் வாழ்கிறார்கள், யோசிக்காமல் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது அநியாயம்.

அப்புறம் தெள்ளுப்பூச்சி. எலியிடம் தங்கும் பிளேக் கிருமியை மனிதருக்குக் கொண்டுவருவது அதுதான். எல்லாத் தெள்ளுப்பூச்சியும் பிளேக்கை ஒரே அளவில் பரப்புவதில்லை. கொழும்பில் வேலை பார்த்த ஹர்ஸ்ட் என்ற மருத்துவர் இதைத்தான் தோண்டித் துருவினார். சென்னை எலிகளின் மேல் அதிகம் இருந்தது ஆஸ்டியா என்ற தெள்ளுப்பூச்சி வகை, பரப்புவதில் அது பம்பாயில் அதிகம் இருந்த கியோபிஸ் வகையைவிட மட்டம். பம்பாய் பட்ட பாட்டைச் சென்னை படாததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது அவர் கருத்து.

ஆள் செத்த இடமும் கிருமி தங்கும் இடமும் ஒன்றல்ல. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்களே இருக்கின்றன, அதுவும் ஒருவகைப் பதிவுதான், ஆனால் அது சொல்வது சாவை மட்டும். மடகாஸ்கரில் 1898இல் துறைமுகம் வழியாக வந்த பிளேக், இன்று பெரும்பாலும் 800 மீட்டருக்கு மேலான மலைநாட்டில்தான் நிற்கிறது. நம் பக்கத்திலும் ஓசூர், கோலார், நீலகிரி வட்டாரத்து எலிகளைத்தான் பெங்களூரு பிளேக் கண்காணிப்புப் பிரிவு பிடித்து ரத்தம் பரிசோதிக்கிறது. பழைய பதிவேட்டு வரைபடத்தின் மேல் இந்த எலிப் பரிசோதனை முடிவுகளையும் நிலத்தின் உயரத்தையும் போட்டுப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், மெட்ராஸ் மாகாணத்தின் பழைய சுகாதார ஆண்டறிக்கைகளிலிருந்து. அதில் ஒரு ஊருக்கு நேரே பூஜ்யம் இருந்தால், அங்கே நோய் இல்லையா, இல்லை எழுதி அனுப்ப ஆள் இல்லையா என்று காலரா, அம்மைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாமே பூஜ்யமென்றால் அந்த ஊரைப் படத்தில் வெறுமனே விட்டுவிடுங்கள்.