நாட்குறிப்பா, நினைவுகளா?

கேள்வி: அரசியலில் இருந்தவர்கள் அன்றன்றைக்கு எழுதிய நாட்குறிப்பு, வயதான பிறகு எழுதும் நினைவுகள், இரண்டில் எதை நம்பிப் படிக்கலாம்?
(வாசகர், கடலூர்)

பதில்: நான் நாட்குறிப்பின் பக்கம்தான். பிற்பாடு எழுதுகிறவருக்கு யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது தெரிந்துவிடுகிறது, கை தானாகவே தனக்குச் சாதகமாக ஓடும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1736-இல் தொடங்கி, வாழ்நாளின் கடைசிக் காலம் வரை, பேச்சுத் தமிழிலேயே எழுதிவைத்தார், அதில் சில வருஷம் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்களே, அந்தப் பக்கங்களைப் படித்தால் மனசு கனத்துப்போகும். கவர்னரின் மனைவி மேல் இருந்த வெறுப்பையும் அவர் மறைக்கவில்லை. சரி, அவரும் தன் பக்க நியாயத்தைத்தான் எழுதினார். ஆனால் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதினார், எனக்கு அதுதான் பெரிது. 1761 ஜனவரி 12-இல் அவர் இறந்தார், நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.