பிரான்ஸில் ஏழு மாத வேலை: முதல் இரண்டு மாதச் செலவை ஊரிலேயே எடுத்து வையுங்கள்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

மகள் ஆங்கில இலக்கியம் முடித்து, புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய் பிரெஞ்சும் படித்து, பிரான்ஸ் அரசுப் பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியராகத் தேர்வாகியிருக்கிறார். நல்ல செய்தி. நீங்கள் கேட்டது இரண்டு: மாதம் எவ்வளவு வீட்டுக்கு அனுப்புவாள்? நகையை வைத்து வாங்கும் கடனை அவள் சம்பளத்திலேயே அடைத்துவிடலாமா?

அனுப்ப மாட்டாள். அடைக்கவும் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதிக் கணக்கு சுலபம்.

வேலை அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, வாரம் 12 மணி நேரம். பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் 800 யூரோ. நீங்கள் அதை ரூபாயில் பெருக்கி எண்பதாயிரத்துக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். கடலூரில் அது பெரிய பணம்தான். ஆனால் செலவும் யூரோவில்தானே? சிறு ஊரில் அறை வாடகை 350, சமைத்துச் சாப்பிட்டால் 200, போன், பஸ், சில்லறை எல்லாம் சேர்த்து ஒரு 100. மிஞ்சுகிற 150 யூரோவில்தான் குளிர்கால உடுப்பும் ஊர் சுற்றுவதும் நடக்க வேண்டும். இடையில் இரண்டு வாரப் பள்ளி விடுமுறைகள் வரும். அப்போதும் சம்பளம் குறையாது, செலவுதான் கூடும். 12 முதல் 27 வயது வரை உள்ளவர்களுக்கு 49 யூரோவுக்கு ஒரு வருட ரயில் சலுகை அட்டை கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளட்டும்.

சம்பளம் வர ஆரம்பித்துவிட்டால் ஒரு பிள்ளை தாராளமாகச் சமாளிக்கும். இடிக்கிற இடம் அதற்கு முன்னால். சம்பளம் மாதக் கடைசியில், பிரெஞ்சு வங்கிக் கணக்கில்தான் விழும். கணக்குத் திறக்க வீட்டு முகவரிச் சான்று வேண்டும். வீடு பிடிக்கப் போனால், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வரவே சிலருக்கு அக்டோபர் முழுக்க ஓடிவிடும். வங்கிக் கணக்கு எண், பணியில் சேர்ந்ததற்கான தாள் இரண்டும் சம்பளப் பிரிவுக்குத் தாமதமாகப் போனால், அக்டோபரில் முன்பணமாக ஒரு பகுதி மட்டும் வரலாம், மொத்தமும் நவம்பருக்குத் தள்ளியும் போகலாம். அதனால் நான் எப்போதும் இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடுவேன்.

வாடகை இரண்டு மாதம் 700. அட்வான்ஸ் இன்னொரு 700; சாமான்களோடு வரும் அறைக்கு இரண்டு மாத வாடகை வரை கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. சாப்பாடு 400. போர்வை, பாத்திரம், கோட்டு, கட்டாயமான வீட்டுக் காப்பீடு, சிம், பஸ் எல்லாவற்றுக்கும் 250. ஆக 2,050 யூரோ. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று யூரோவை 100 ரூபாயாக வைத்தாலே இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. மாற்றும் நாளில் விலை கூடவே இருக்கும். இதற்கு மேல் விசா கட்டணம் 99 யூரோ, விசா மைய சேவைக் கட்டணம், விமான டிக்கெட். நியமன ஆணையும் விசாவும் கைக்கு வராமல் டிக்கெட் எடுக்க வேண்டாம், விலை ஏறினாலும் பரவாயில்லை.

நகைக்கு வருகிறேன். கடை வருமானத்திலிருந்தே நீங்கள் மாதாமாதம் கட்டி மீட்க முடியும் என்றால் வையுங்கள். அவள் சம்பளத்தை நம்பி வைத்தால், நவம்பரிலேயே வட்டி கேட்டு போன் போகும். அந்தப் பெண் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு "நான் நல்லா இருக்கேன்பா" என்று சொல்லும். நம் பிள்ளைகள் அப்படித்தான்.

இனி உங்கள் மச்சான் சொன்ன யோசனை. புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள்) பலவற்றுக்கும் பாரிஸ் பக்கம் சொந்தம் உண்டு, பாரிஸை ஒட்டிய சார்செலில் உள்ள உறவினர் வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம் என்கிறார். மகளுக்குக் கிடைத்திருப்பது லிமோஜ் பக்கம். பாரிஸிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். போய் இறங்கும்போது இரண்டு நாள் தங்கலாம், கிறிஸ்துமஸ் லீவில் போகலாம், அவ்வளவுதான். அவர்களிடம் வாடகைக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு நிற்கவும் வேண்டாம். 'விசால்' என்ற திட்டத்தில் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு வாடகை ஜாமீன் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டு வாடகைக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. குடியேறியதும் விண்ணப்பிக்கட்டும், ஆனால் பட்ஜெட்டில் அதைச் சேர்க்காதீர்கள். வந்தால் வரட்டும்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய ஒரு வேலை, பிறப்புச் சான்றிதழ். அப்பா அம்மா பெயர் இரண்டும் உள்ளதாக வாங்கி, பிரெஞ்சில் மொழிபெயர்த்து வையுங்கள். அங்கே மருத்துவக் காப்பீட்டில் சேர அதைக் கேட்பார்கள். காப்பீட்டு அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகும், அதுவரை மருத்துவர் தரும் ரசீதைத் தூக்கிப் போடக் கூடாது. பிறகு பணம் திரும்பும்.

பெட்டியில் நெய், பால்கோவா வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், கறிவேப்பிலையும் அப்படியே. கருவாடு கொண்டுபோகத் தடையில்லை (கடலூர்க்காரர்களுக்கு இது முக்கியம்), ஆனால் அதே பெட்டியில் கோட்டும் இருக்குமே, யோசியுங்கள். தடித்த கோட்டை இங்கே வாங்க வேண்டாம். அங்கே பழைய துணிக் கடைகளில் நல்லதாகவே, மலிவாகக் கிடைக்கும். புளி, மிளகாய்த்தூள், சின்ன குக்கர் போதும். ஈஃபில் கோபுரத்தில் யுபிஐ வேலை செய்கிறதாம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், 2024 முதல். லிமோஜில் அறை வாடகைக்கு விடுகிறவரிடம் அது செல்லாது. ஃபாரக்ஸ் கார்டில் (இங்கேயே யூரோ ஏற்றிக்கொண்டு போகும் அட்டை) பெரும்பகுதி, கையில் முந்நூறு யூரோ ரொக்கம்.

ஏப்ரலில் கிளம்பும்போது அவசரப்பட்டு வங்கிக் கணக்கை மூடிவிடக் கூடாது. அறையில் சேதம் இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பித் தர வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் மகள் கடலூரில் இருப்பாள், பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரும். இந்த ஏழு மாதத்தில் மொத்தமாக மிஞ்சும் பணம் என்றால் பெரும்பாலும் அதுதான்.

இந்த வாரமே மகள் செய்ய வேண்டியது ஒன்று: நியமனக் கடிதத்தில் உள்ள பள்ளிக்கு பிரெஞ்சில் ஒரு மின்னஞ்சல், தங்க இடம் உண்டா என்று. சில பள்ளிகளில் வளாகத்துக்குள்ளேயே அறை கொடுப்பார்கள், வெளி வாடகையில் பாதிகூட இருக்காது. பதில் வந்ததும் தொகையை எனக்குச் சொல்லுங்கள். 350 என்று போட்ட இடத்தில் அதை வைத்துத் திரும்பக் கூட்டிப் பார்ப்போம். எத்தனை பவுன் வைப்பது என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.