குளத்துல பறவை எண்ணுறது, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பைனாகுலர் குடுத்து காட்டுறது, இதெல்லாம் நிஜமாவே பறவைகளை காப்பாத்துமா?

காப்பாத்தும். நான் திருநெல்வேலிக்காரன், தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு சில வருஷமா வாலண்டியரா போயிட்டு இருக்கேன், அங்க கண்ணால பார்த்ததை வச்சுத்தான் சொல்றேன்.

மணிமுத்தாறுல ஏட்ரீங்கிற (ATREE) சூழலியல் ஆய்வு அமைப்போட அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இருக்கு. அவங்க உள்ளூர் இயற்கை ஆர்வலர்களையும் காலேஜ் பசங்களையும் சேர்த்துக்கிட்டு 2011-ல இருந்து இந்த கணக்கெடுப்பை நடத்துறாங்க. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மூணு மாவட்டத்து குளங்களும் இதுல வரும். ஜனவரி மாசம்தான் எண்ணுவோம், ஏன்னா வடகிழக்கு மழையில குளமெல்லாம் பெருகி நிக்கும், வடக்க இருந்து வலசை வர்ற வாத்தும், உள்ளான் மாதிரி சின்ன கரைப்பறவைங்களும் அப்பதான் இங்க இருக்கும். 1987-ல இருந்து ஆசியா முழுக்க நடக்குற நீர்ப்பறவை கணக்கெடுப்பும் இதே ஜனவரியிலதான்.

எண்ணுறதுன்னா சும்மா இல்லைங்க. விடியுறப்பவே கரையில போய் நிக்கணும், ஒருத்தர் ஸ்கோப்ல (தொலைநோக்கியில) பார்த்து சொல்ல இன்னொருத்தர் எழுதணும், தண்ணிக்கு நடுவுல நாமக்கோழி ஆயிரக்கணக்குல கறுப்பா மிதந்துச்சுன்னா ஒவ்வொண்ணா எண்ணவே முடியாது, அதனால முதல்ல நூறு பறவையை எண்ணி அந்த நூறு எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல பதிய வச்சுக்கிட்டு, அந்த மாதிரி எத்தனை நூறு இருக்குன்னு கூட்டம் முழுக்க அளந்துகிட்டே போகணும். நடுவுல ஒரு பருந்து வந்து மொத்தத்தையும் கிளப்பி விட்டுட்டா திரும்பவும் ஆரம்பத்துல இருந்துதான். மையத்துக்காரங்க முந்தின நாளே உக்கார வச்சு இதை சொல்லிக் குடுத்துடுவாங்க, எந்த டீமுக்கு எந்த குளம்னும் பிரிச்சு குடுத்துடுவாங்க.

ஆனா உங்க கேள்விக்கான பதில் அந்த நோட்டுல இல்ல, கரையிலதான் இருக்கு. நாலு பேர் கரையில நின்னு உத்து உத்து பார்த்தா மாடு பத்திக்கிட்டு வர்றவங்க, குளிக்க வர்றவங்க எல்லாரும் நிப்பாங்க. ஒரு பெரியவர் என்கிட்ட "என்னத்த தம்பி எண்ணுதீய, மீனையா?"ன்னு கேட்டாரு. ஸ்கோப்பை குடுத்தேன். அதுல தெரிஞ்சது அவர் பிறந்ததுல இருந்து பார்த்துக்கிட்டு இருக்குற நத்தைகுத்தி நாரைதான், ஆனா அலகு நடுவுல இருக்குற அந்த இடைவெளியை அன்னைக்குத்தான் முதல் தடவையா பார்க்குறாரு. அது வயல் நத்தையை தின்னும்னு சொன்னதும், "அதான் உழவுக்கு பின்னாலயே வருதாக்கும்"னாரு. அவருக்கு நான் புதுசா ஒண்ணும் கத்துக் குடுக்கல, அவருக்கு தெரிஞ்சதுக்கு ஒரு பேரும் காரணமும் கிடைச்சுது, அவ்வளவுதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எங்க பக்கம் குளத்துக்குள்ள நிக்குற நாட்டுக் கருவேல மரத்துலதான் மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். அந்த மரங்களை விறகுக்கு ஏலம் விடுறதும் உண்டு. நாரை முட்டை பொரிக்க ஒரு மாசம், குஞ்சு இறக்கை முளைச்சு பறக்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள மரத்தை வெட்டுனா மொத்தமும் போச்சு. ஒரு குளத்துல (ஊர் பேரு வேண்டாம்) அப்படி வெட்டி கிடந்ததை நான் பார்த்தேன். குஞ்சுங்க சேத்துல கிடந்துச்சு, தாய்ப் பறவைங்க மேல சுத்திக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, இப்ப டைப் பண்றப்பவும் கை ஒரு மாதிரியா இருக்கு.

அதுக்கு அப்புறம் அந்த ஊர் ஸ்கூல்ல வகுப்பு எடுத்து, பிள்ளைங்களையே கரைக்கு கூட்டிட்டு போய் எந்த மரத்துல எத்தனை கூடு, முட்டையா குஞ்சான்னு வாராவாரம் எழுத வச்சோம். அடுத்த வருஷம் திரும்பவும் வெட்டுற பேச்சு வந்தப்ப பிள்ளைங்க அந்த நோட்டை எடுத்துக்கிட்டு ஜனவரி 26 கிராம சபைக்கு போயிட்டாங்க. ஒரு ஆறாம் வகுப்பு பாப்பா எழுந்து நின்னு மரம் மரமா வாசிச்சா. பெரியவங்க ரொம்ப நேரம் பேசிட்டு, குஞ்சு பறக்குற வரைக்கும் வெட்டை தள்ளி வைப்போம்னாங்க. வெட்டவே கூடாதுன்னு முடிவாகல, தள்ளி வச்சாங்க. அந்த ரெண்டு மூணு மாசம்தான் ஒரு தலைமுறை நாரை.

எங்க நெல்லை மாவட்டத்து கூந்தன்குளத்தை யோசிச்சு பாருங்க. அது சரணாலயம்னு அறிவிச்சது 1994-ல, உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளோட ராம்சார் பட்டியல்ல சேர்ந்ததா செய்தி வந்தது 2022-ல. ஆனா அந்த ஊர் மக்கள் அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே தீபாவளிக்கு வெடி போடாம இருந்தாங்க, வீட்டு முற்றத்து மரத்துல நாரை கூடு கட்டி எச்சம் போட்டாலும் விரட்ட மாட்டாங்க. எச்சம் கலந்த தண்ணியும் வண்டலும் வயலுக்கு நல்ல உரம்னு அவங்களுக்கு தெரியும். திருப்புடைமருதூர்லயும் அப்படித்தான், கோயிலை ஒட்டி நிக்குற மரங்கள்ல பறவைங்க தங்குது, ஊர்க்காரங்க அக்கறையாலதான் 2005-ல அந்த இடத்தை பாதுகாப்பு பகுதியா அறிவிச்சாங்க. ஊர் முன்ன நின்ன இடத்துல அரசாங்கம் பின்னாடி வந்துச்சு. அந்தப் பழக்கம் விட்டுப்போன ஊர்கள்ல அதை திரும்ப கொண்டு வர்ற வேலையைத்தான் இந்த மாதிரி மையங்கள் பண்ணுது, அதுக்கு வருஷக்கணக்கா பொறுமை வேணும், ஒரு நாள் கேம்ப் போட்டு போட்டோ எடுத்துட்டு போறதால ஒண்ணும் நடக்காது, அதையும் சொல்லிடுறேன்.

கலந்துக்கணும்னு தோணுச்சுன்னா பைனாகுலர் இல்லையேன்னு நிக்காதீங்க. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் கரையில நின்னாலே வெறுங்கண்ணுக்கு தெரியும். பொங்கல் லீவுல நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு தனியா ஒண்ணு நடக்குது, அதுக்கு உங்க தெருவுல பதினஞ்சு நிமிஷம் நின்னு எண்ணி, பறவைப் பதிவு போடுற இபேர்ட் (eBird) தளத்துல ஏத்துனாலே போதும். குளத்துக்கு வர்றதா இருந்தா காலையில ஆறு மணிக்கு முன்னாடியே வந்துடுங்க, வெயில் ஏறிட்டா தண்ணி மின்ன ஆரம்பிச்சுடும், அப்புறம் எது வாத்து எது நாமக்கோழின்னு பிரிக்கவே முடியாது.