ஆட்டிசம் குழந்தையின் அடமும் கடியும்: பெற்றோர் கேட்டவை

சிறப்புக் கல்வியாளராக இருக்கிறேன். இப்போது என் வேலையில் முக்கால்வாசி பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதுதான். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், என் பையனுக்கு 4 வயது. போனை வாங்கினால் தலையைத் தரையில் முட்டிக்கொள்கிறான். பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். (சேலம்)

முட்டும்போது தலைக்கு அடியில் தலையணையோ உங்கள் கையோ இருக்கட்டும், பேச்சு வேண்டாம். போனையும் அப்போது கொடுக்காதீர்கள். முட்டினால் போன் வரும் என்று அவன் சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறான்.

ஒரு நோட்டு போடுங்கள். முட்டுவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒரு வாரம் எழுதினால் போதும். பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் தெரியவரும்: வேண்டியதை வாங்க, பிடிக்காததிலிருந்து தப்பிக்க, நம் கவனத்தைத் தன் பக்கம் இழுக்க, அல்லது அந்த அசைவே உடம்புக்கு இதமாக இருப்பதால். உங்கள் பையன் விஷயம் முதல் வகை மாதிரித் தெரிகிறது.

அப்படியென்றால் முட்டுவதற்குப் பதிலாக வேறு வழியில் கேட்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். போன் படம் போட்ட ஓர் அட்டை போதும். அவன் அமைதியாக இருக்கும்போது அட்டையை எடுத்து நீட்டப் பழக்குங்கள். நீட்டிய உடனே போன் கொடுங்கள், ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும். காத்திருக்கவும் முடிக்கவும் பழக்குவது அப்புறம். முடிக்கும்போது டைமர் வையுங்கள், அடுத்து அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று தயாராக இருக்கட்டும், வாளித் தண்ணீர் விளையாட்டு மாதிரி.

இன்னொன்று. முட்டினால் போன் கிடைக்காது என்று ஆனதும் முதல் சில நாட்கள் முட்டுவது கூடும். நான்காவது நாள் மனசு கேட்காமல் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக முட்ட வேண்டும் என்று கற்றுக்கொள்வான். உறுதியாக நிற்க முடியாத வாரத்தில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். காயம் ஆகிற அளவுக்கு முட்டுகிறான் என்றால் தனியாகச் செய்யாதீர்கள், நிபுணர் கூட இருக்க வேண்டும்.

கேள்வி: நான் உறுதியாக இருந்தாலும் மாமியார் கொடுத்துவிடுகிறாரே?

"கொடுக்காதீங்க அத்தை" என்றால் எந்த வீட்டிலும் நடக்காது. அட்டையை வாங்கிக்கொண்டு போன் கொடுக்கிற வேலையை அவரிடமே விடுங்கள். கொடுக்கிற சந்தோஷம் பாட்டிக்கு, கேட்கிற பழக்கம் பேரனுக்கு.

கேள்வி: 7 வயது மகளுக்குப் பேச்சு இல்லை. இரண்டு வாரமாகத் திடீரென்று கையைக் கடித்துக்கொள்கிறாள்.

நோட்டுக்கு முன்னால் டாக்டர். சொத்தைப் பல், காது வலி, மலச்சிக்கல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக, திடீரென்று வந்த நடத்தை என்றால் முதலில் வலியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ரெண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. எழுதப் பிடிக்காமல் கத்துகிற குழந்தையை அடித்தால் எழுதுவதும் அதோடு நிற்கும். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்பதும் மனதில் பதியும். அவனும் ஒரு நாள் உங்கள் உயரம் வளர்வான்.

கேள்வி: தெரபிஸ்ட் செய்ய வேண்டியதைப் பெற்றோர் தலையில் கட்டுகிறீர்களா? இதனால் பலன் உண்டா?

கோபம் நியாயம்தான். ஆனால் தெரபி ஒரு மணி நேரம், மீதி நாள் முழுக்க வீட்டில்தானே? அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையான 180 குழந்தைகளின் பெற்றோரை வைத்து 24 வார ஆய்வு ஒன்று நடந்தது. 2015-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு நடத்தையைக் கையாளும் பயிற்சி, இன்னொன்றுக்கு ஆட்டிசம் பற்றிய தகவல் மட்டும். பெற்றோர் தந்த மதிப்பெண்படி எரிச்சலும் அடமும் பயிற்சிக் குழுவில் 47.7 சதவீதம் குறைந்தன, மற்றதில் 31.8. எந்தக் குடும்பம் எந்தக் குழு என்று தெரியாத மருத்துவர்கள் பார்த்தபோது, பயிற்சிக் குழுவில் தேறியவர்கள் 68.5 சதவீதம், மற்றதில் 39.6. தகவல் மட்டும் கிடைத்தவர்களுக்கும் பலன் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே நான் இதை மந்திரம் என்று விற்க மாட்டேன். பயிற்சிக்கு அம்மா மட்டும் வருவது பெரிய குறை. அப்பாக்களே, லீவு போட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: டாக்டர் ரிஸ்பெரிடோன் எழுதியிருக்கிறார். கொடுக்கலாமா?

முடிவு உங்கள் டாக்டருடையது. அது ஆட்டிசத்துக்கான மருந்தல்ல, கடுமையான எரிச்சலைக் குறைக்க உதவுவது. பசி கூடும், எடை ஏறும், அதைக் கவனியுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். 124 குழந்தைகளை வைத்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மருந்தோடு பெற்றோர் பயிற்சியும் கிடைத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் எங்கே போய்க் கேட்பது?

சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பலவகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, நிப்மெட் என்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் (வளர்ச்சிக் குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் இடம்) எங்கே என்று விசாரியுங்கள். தனியார் மையமானால் சேர்வதற்கு முன், "நாங்களும் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு இடம் தேடுவேன்.